கனகாம்பரம் கொலையும் நூறு நாவலுக்குச் சமமான நாவலும்

அசமந்தபுரம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் போனபோது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "எங்க ஊரு எங்கயும் போகலீங்க, அங்கயேதான் இருக்கு" என்பார்கள். நல்ல மனிதர்கள். அவர்களுக்குப் பொய் தெரியாது, சூது தெரியாது, மற்றதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் படிப்பின்மேல் அவர்கள் வைத்திருந்த மரியாதையை நான் எந்தப் பட்டணத்திலும் பார்த்ததில்லை.

ஊர் நடுவே ஞானக்கண் படிப்பகம். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு அலமாரி நிறைய நாவல்கள். சுவரில் ஒரு போர்டு: 'இங்கே பேசக் கூடாது. புத்தகங்களை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.' இப்படிப் போர்டு இல்லாத படிப்பகம் எங்கே இருக்கிறது? அதை மதிக்கிற படிப்பகம்தான் இல்லை. அசமந்தபுரத்தில் மதித்தார்கள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே பொழுது போய்விடும்; கதையை யாராவது சொல்லக் கேட்டால்தான் உண்டு. உள்ளே பேசக் கூடாது, வெளியே புத்தகம் வரக் கூடாது. அதற்கு ஊர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ஏகாம்பரம் உள்ளே போய், ஒரு வாக்கியத்தை மனசுக்குள் படிப்பார். வெளியே புங்கமரத்தடிக்கு வந்து அதைச் சத்தமாகச் சொல்வார். பிறகு அடுத்த வாக்கியத்துக்கு உள்ளே போவார்.

இந்த ஏற்பாடு துப்பறியும் கதைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. "கதவு திறந்தது" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் உள்ளே போவார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்து, "உள்ளே யாரும் இல்லை" என்பார். சிலருக்கு வியர்த்துக் கொட்டிவிடும்.

அப்படித்தான் அந்தக் கனகாம்பரம் கதையும் போய்க்கொண்டிருந்தது. அட்டை கிழிந்துபோன நாவல், பெயர் யாருக்கும் தெரியாது. நகைக்கடை முதலாளியின் மனைவி கனகாம்பரத்தை யாரோ கத்தியால் குத்திவிட்டார்கள். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, "கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்" என்று சொன்ன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மிச்சம் நாளைக்கு என்று கூட்டம் கலைந்தது.

சைக்கிள் கடை மாசிலாமணி மட்டும் கலையவில்லை. நனைந்தபடியே நின்றார். யாராயிருக்கும், யாராயிருக்கும் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் படிப்பகத் தலைவர் குழந்தைவேலுவும் செயலாளர் சுப்புராயலுவும் டவுனில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கே ஒரு கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர். எழுத்தாளர் நிழல்மொழியன் எழுதிய 'இன்மையின் உள்மடிப்பு'. ஆயிரத்துச் சொச்சம் பக்கம். பேனரில் கொட்டை எழுத்தில், 'இந்த ஒரு நாவல் நூறு நாவல்களுக்குச் சமம்!' என்று போட்டிருந்தது.

"செயலாளரே, நம்மகிட்ட எத்தனை நாவல் இருக்கு?"

"நூறுக்குப் பக்கத்துல இருக்கும் தலைவரே."

"அப்போ சரியாப் போச்சு."

இருவரும் ஊருக்கு ஓடிவந்து, அலமாரியைக் காலி செய்து, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பப் போனார்கள். வெளியே எடுத்துச் செல்லக் கூடாதென்ற போர்டை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதையும் கழற்றி வண்டியில் எடுத்துக்கொண்டு போனார்கள். போர்டு கூடவே வந்தால் வெளியே எடுத்ததாக ஆகாதாம்.

கடைக்காரர் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு கட்டுக்கட்டாக இறங்கிய புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "சமம்னா சமம்தாங்க" என்று ஒப்புக்கொண்டார். எண்ணிப் பார்த்ததில் மூன்று குறைந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தலைவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பஞ்சாங்கங்கள் மூன்றைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார்கள்.

"உலகத்துல இருக்கிறது எல்லாமே இதுக்குள்ள இருக்கு சார்" என்றார் கடைக்காரர், நாவலை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்து. "முதல் நூறு பக்கம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிச்சிடுங்க."

சாயங்காலம் புங்கமரத்தடியில் கூட்டம் கூடியது. விஷயத்தைக் கேட்டதும் மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

"கொலைகாரன் யாருன்னு தெரியறதுக்குப் பத்துப் பக்கம்தான்யா பாக்கி இருந்துச்சு! அதைப் போய்க் குடுத்துட்டு வந்தீங்களே!"

"பதறாதீங்க மாசிலாமணி" என்றார் தலைவர். "உலகத்துல இருக்கிறது எல்லாம் இந்த நாவல்ல இருக்காம். கனகாம்பரத்தைக் கொன்னவன் உலகத்துலதானே இருக்கான்?"

"உலகத்துலதான் இருக்கான்."

"அப்போ இதுக்குள்ள இருப்பான். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்."

இந்த நியாயத்தில் ஓட்டை இருப்பதாக அங்கே யாருக்கும் படவில்லை. மாசிலாமணிக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வந்தது. இருந்தாலும் மனிதர் மறுநாளே டவுனுக்குப் போய் அந்தக் கடைக்காரரைப் பிடித்தார். பழைய புத்தகங்கள் எல்லாம் அதற்குள் எடைக்குப் போய், வேர்க்கடலைப் பொட்டலமாகிவிட்டதாகத் தகவல். அன்றிலிருந்து மாசிலாமணி கண்ட இடத்திலெல்லாம் வேர்க்கடலை வாங்கித் தின்றார். என்றாவது ஒரு பொட்டலத்தில் கடைசிப் பத்துப் பக்கம் வரும் என்ற நம்பிக்கைதான். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

இங்கே நாவல் ஆரம்பமாயிற்று. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரவேயில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் பாவம், பக்கத்தைப் புரட்டிப் புரட்டி முற்றுப்புள்ளி தேடிக்கொண்டிருந்தார். முதல் வாக்கியமே மூன்று பக்கம் ஓடியது. ஒருவழியாக மனப்பாடம் செய்துகொண்டு எழுந்தார். வாசற்படி தாண்டுவதற்குள் முதல் பக்கம் மறந்தது, மரத்தடிக்கு வருவதற்குள் இரண்டாவது பக்கம் மறந்தது. கடைசியில், "எனினும்" என்ற ஒரு சொல்லோடு வந்து நின்றார். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னதால் யாருக்கும் விளங்கவில்லை.

சுப்புராயலு ஒரு யோசனை சொன்னார். "வாக்கியம் பெருசுன்னா ஆளுக்குக் கொஞ்சமாத் தூக்கணும். நெல்லு மூட்டையை ஒரே ஆளா தூக்குறோம்?"

அதன்படி பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், வாக்கியத்தை ஆளுக்கு ஒரு துண்டாக மனசில் ஏற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். நல்ல கால் உள்ளவன் வாக்கியத்தின் முடிவோடு முதலில் வந்தான். மூட்டுவலிக்காரர் ஆரம்பத்தோடு கடைசியில் வந்தார். வந்த வரிசையிலேயே சொன்னார்கள். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதைவிட இது இன்னும் ஆழமாக இருக்கிறது என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார்.

நூறு பக்கம் ஆனதும் பல்லை விட்டார்கள். தாடைவலி குறைந்தது. வேறு மாற்றம் இல்லை.

இந்தக் கட்டத்தில் ஊரில் பேச்சுக் கிளம்பியது. இந்த நாவல் படிக்கத் தகுந்ததுதானா? ஒரு எழவும் புரியவில்லையே? இதைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டார்கள்.

"எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல" என்றார் ஏகாம்பரம் நேர்மையாக.

"எனக்கும்தான்" என்றார் தலைவர். கூட்டம் முழுக்க அதையே சொன்னது. பட்டணத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அங்கே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சுப்புராயலு எழுந்தார். "புரியற புத்தகத்தைப் படிச்சு என்னா பிரயோஜனம்? புரிஞ்சிடுச்சுன்னா அது நமக்கு முன்னயே தெரிஞ்ச விஷயம்னுதானே அர்த்தம்? புரியாததுலதான் புதுசு இருக்கும். இதுல ஒண்ணுமே புரியல. அப்படின்னா எவ்வளவு புதுசு இருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

எல்லோரும் யோசித்தார்கள். பிரமிப்பாக இருந்தது. நாவல் மிக உயர்ந்தது என்று கைதட்டித் தீர்மானித்தார்கள்.

மாசிலாமணி மட்டும் கைதட்டவில்லை. "அதெல்லாம் சரி. கொன்னது யாரு?" என்றார்.

ஆக, தேடுதல் வேட்டை தொடர்ந்தது. நாவலில் ஒருத்தன் ஒரு டீ கிளாஸை நாற்பது பக்கம் உற்றுப் பார்க்கிறான். ஆறிப்போகிற டீயை எவனாவது அவ்வளவு நேரம் பார்ப்பானா, அதில் விஷம் இருக்கிறது என்று சந்தேகித்தார்கள். ஆனால் கனகாம்பரம் செத்தது கத்தியால் என்பதால் அவனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதாவது ஏகாம்பரம் உள்ளே போய், அந்தப் பக்கத்தைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒரு குளத்தைப் பற்றி எழுபது பக்கம் வந்தது. இவ்வளவு பேச்சு ஒரு குளத்துக்கு எதற்கு? கத்தியை அதில்தான் போட்டிருப்பான் என்று முடிவு செய்து, ஊர்க் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்கினார்கள். மாசிலாமணி கடையில் காணாமல் போன காற்றடிக்கிற பம்ப்பு கிடைத்தது. உடனே நாலு பேர் மாசிலாமணியையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மாசிலாமணிக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. அவருக்கு வீட்டிலேயே பெரிய கஷ்டம் வந்திருந்தது. சாப்பாட்டில் மனசு இல்லை, கடையில் கை ஓடவில்லை, நல்ல டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினார். தூக்கத்தில் "ஐயோ கனகாம்பரம்" என்று புலம்பினார். அவருடைய மனைவி செண்பகம் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"யாருய்யா அந்தக் கனகாம்பரம்?"

"அவதான் செத்துட்டாளே, செண்பகம். யாரு கொன்னதுன்னுதான் தெரியல."

"செத்ததுக்கே இந்த அழுகைன்னா, உசுரோட இருந்தப்ப எப்படி இருந்திருப்பே! கொன்னவன் யாருன்னு தெரிஞ்சு, அவளை நீ மறந்தப்புறம் சொல்லி அனுப்பு." பையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாசிலாமணி அழுத அழுகை இருக்கிறதே, எனக்கே மனசு கேட்கவில்லை. முட்டாளாக இருந்தால் என்ன, ஆசைப்பட்ட பெண்டாட்டி போனால் எவனுக்கும் அழுகை வரத்தானே செய்யும். ஊருக்கும் பொறுக்கவில்லை. நாவல் முழுவதும் படித்தாயிற்று, கொலைகாரன் கிடைக்கவில்லை, எழுதினவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று தீர்மானித்தார்கள்.

எழுத்தாளர் நிழல்மொழியன் உடனே புறப்பட்டு வந்துவிட்டார். தன் நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்ததாக ஒரு ஆள் சொல்லியே அவர் அதுவரை கேட்டதில்லை. இங்கே ஒரு ஊரே படித்திருக்கிறதாம். பெரிய மாலையாகப் போட்டார்கள். அவர் கண்கலங்கி, நீண்ட நேரம் பேசினார். பேச்சும் நாவலைப் போலவே இருந்ததால் ஊருக்குப் பழகிப்போயிருந்தது.

"இதை ஒருமுறை வாசித்தால் போதாது" என்று முடித்தார். "இரண்டாம் வாசிப்பில்தான் இது தன்னைத் திறந்து காட்டும்."

மாசிலாமணி எழுந்து கைகூப்பினார். "ஐயா, ஒரே ஒரு கேள்விங்க. கனகாம்பரத்தைக் கொன்னது யாருங்க?"

எழுத்தாளர் திகைத்தார். தன் நாவலில் அப்படி ஒரு பெண் வருகிறாளா என்று அவருக்கே சந்தேகம். ஆயிரம் பக்கத்தில் யாரை நினைவு வைத்துக்கொள்வது? தெரியாது என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. கண்ணை மூடினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கொன்றது யார் என்று வெளியே தேடாதீர்கள்" என்றார் கனத்த குரலில். "நாம் எல்லோரும்தான் கொன்றோம். நீங்களும்தான். நானும்தான்."

ஆளாளுக்குத் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நானுமா?" என்றார் ஏகாம்பரம் பரிதாபமாக. "எனக்கு எறும்பை மிதிச்சாலே கஷ்டமா இருக்குமேங்க."

"பெரியவர் சொல்றாரு. அதுவும் தன்னையும் சேர்த்து ஒத்துக்கிட்டுச் சொல்றாரு. பொய்யா சொல்வாரு?" என்றார் தலைவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செஞ்சது செஞ்சாச்சு. ஓடி ஒளிய வேணாம். எல்லாரும் கௌரவமா சரணடைஞ்சிடுவோம்."

அதே குட்டியானை வண்டியை வரவழைத்தார்கள். ஊரே ஏறியது. முதல் குற்றவாளி என்ற மரியாதையில் எழுத்தாளரை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர், "நான் அப்படிச் சொல்ல வரவில்லை, அது ஒரு படிமம்" என்று கத்திக்கொண்டே வந்தார். "தைரியமா இருங்கய்யா, நாங்க எல்லாரும் கூட இருக்கோம்ல" என்று தலைவர் வழிநெடுகத் தேற்றினார்.

டவுன் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு ஊரே கைகளை நீட்டிக்கொண்டு நின்றது. முன்னால் மாலை போட்ட ஒருவர்.

"என்னய்யா, கல்யாண ஊர்வலமா?"

"கொலைங்க" என்றார் தலைவர். "நகைக்கடை முதலாளி சம்சாரம் கனகாம்பரம். நாங்கதாங்க செஞ்சோம். எல்லாரும் சேர்ந்து."

இன்ஸ்பெக்டர் டீயை வைத்தார். "கனகாம்பரமா? துப்பறியறவரு எல்லாரையும் கூடத்துல நிக்கவச்சு, கொலைகாரன் இங்கதான் இருக்கான்னு சொல்வாரே, அந்தக் கதையா? காலேஜ்ல படிக்கறப்ப ராவெல்லாம் முழிச்சிருந்து படிச்சேன்யா! கொன்னது அவ புருஷனோட தம்பி. கத்தியை ஆர்மோனியப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான்."

"தம்பியா!" மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆர்மோனியக்காரனா! நான் அவன்மேல சந்தேகமே படலியே!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்துபோய் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எழுத்தாளர் மாலையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். "நான் நிழல்மொழியன். என்னுடைய நாவலைப் படித்திருப்பீர்களே?"

"வீட்டுல ஷோகேஸ்ல வச்சிருக்கேன் சார். வர்றவங்க எல்லாரும் பார்த்துட்டு ஒரு மரியாதையாத்தான் பேசுறாங்க."

"படித்தீர்களா?"

"கண்ணாடி போட்ட ஷோகேஸ் சார். சாவி காணோம்."

எழுத்தாளர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். ஊர்க்காரர்களையும் இன்ஸ்பெக்டர் கிளம்பச் சொன்னார். சுப்புராயலு மட்டும் நகரவில்லை. அக்குளில் இருந்த நாவலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, உலகத்துல இருக்கிறது எல்லாம் தெரிஞ்ச புத்தகம் இது. கொலைகாரனையும் தெரிஞ்சிருக்கணும். ஆயிரம் பக்கம் பேசியும் வாயைத் திறக்கல பாருங்க. இது கொலைக்கு உடந்தை."

இவர்களை அனுப்பினால் போதுமென்று இன்ஸ்பெக்டர் நாவலை வாங்கி லாக்கப்பில் வைத்துப் பூட்டினார். அங்கே ஒரு கோழித் திருடன் இருந்தான். எத்தனை கேட்டும் வாயைத் திறக்காத கல்லுளிமங்கன். பொழுது போகாதவன் கையில் எது கிடைத்தாலும் புரட்டத்தானே செய்வான். விடிந்து பார்த்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, எல்லாத்தையும் சொல்லிடறேன். அதை மட்டும் வெளிய எடுத்துடுங்க!"

பிடித்த கோழி, பிடிக்காத கோழி, ஊர்ப்பட்ட ஆடுகள், கோயில் மணி என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இன்ஸ்பெக்டர் சும்மா விளையாட்டாக, "கனகாம்பரத்தைக் கொன்னது யாருடா?" என்றார்.

"அதுவும் நான்தாங்க!"

ஸ்டேஷனில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் செய்தி அசமந்தபுரத்துக்கு வந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மாசிலாமணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செண்பகம் திரும்பி வந்து கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

"அப்போ தம்பிக்காரன் இல்லியா?" என்றார்.

செண்பகம் பையை எடுத்தாள்.

புங்கமரத்தடியில் அவசரக் கூட்டம். போலீசே நேற்று ஒரு ஆளையும் இன்று வேறு ஆளையும் சொல்கிறது. யாரை நம்புவது?

"எழுத்தாளர் அன்னிக்கே சொன்னாரே, நாமதான் கவனிக்கல" என்றார் சுப்புராயலு. "ரெண்டாவது தடவை படிச்சாத்தான் திறந்து காட்டுமாம். இன்னொண்ணு, போன தடவை வாக்கியத்தைத் துண்டு போட்டோம் பாருங்க, அதுதான் தப்பு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல கொலைகாரன் நழுவிட்டான்."

அப்படியே முடிவாயிற்று. தலைவரும் செயலாளரும் ஸ்டேஷனுக்குப் போய்த் தங்கள் ஜாமீனில் நாவலை வெளியே எடுத்தார்கள். கோழித் திருடன் அவர்கள் காலில் விழுந்து கும்பிட்டான்.

செண்பகம் பையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "அந்தக் கனகாம்பரம் எப்படித்தான் இருக்கான்னு நானும் கேட்டுட்டுத்தான் போவேன்" என்றாள். மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்து, பயத்தோடு ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

இந்த முறை முதல் வாக்கியத்தை முழுசாக, ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்துவிட்டு, ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது தண்ணீர்த் தொட்டி காய்ந்துகிடந்தது. மோட்டார் போட ஆளில்லை. கூட்டம் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.